பின்முற்றத்தில் வாசித்த அத்தியாயம்

என் மனைவி மராத்தியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்த நாவல், அவள் மறைந்த பின் ஓராண்டுக்கும் மேலாக அச்சேறாமல் இருந்தது. அதில் குறையொன்றும் இல்லை. கடைசித் திருத்தம்வரை அவளே முடித்து, தட்டச்சுப் பிரதியைக் கட்டி வைத்திருந்தாள். சென்னையில் பதிப்பாளர் காத்திருந்தார். பொறுமைசாலி, இரண்டு முறைதான் கேட்டார். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக நாங்கள் அலையத் தொடங்குவதற்கு முன் அவள் சொல்லிவைத்த ஒரு விருப்பத்தின் பொருட்டே நான் அதைக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

"அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னால, அந்த வீட்டுல உக்காந்து ஒரு அத்தியாயத்த வாய்விட்டுப் படிக்கோணுங்க. அதுக்கப்புறம் யாருக்கு வேணாலும் குடுக்கலாம்."

அந்த வீடு என்று அவள் சொன்னது, நாவலை எழுதிய அம்மையார் வாழ்ந்து மறைந்த வாடாவை. நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக, தெருப்பக்கம் கோட்டைச் சுவர்போல் முகம் காட்டி நிற்கும் பழைய பெருவீட்டை மராத்தியர் வாடா என்பார்கள். புணேயிலிருந்து தெற்கே, நீரா ஆற்றின் கரையில் ஒரு கிராமத்தில் அது இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் போகலாம் என்றாள்; பிறகு சிகிச்சை முடிந்ததும் போகலாம் என்றாள். ஏன் அங்கே படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூல ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே, அவள் இல்லாதபோது அந்த மரியாதையைச் செய்யும் கடமை என்னுடையதாயிற்று. படித்துவிட்டு வந்தால் நாவல் வெளிவரும்; படிக்காவிட்டால் அவள் சொல்லை மீறாமல் அதை என்னால் வெளியிட முடியாது.

படிப்பதற்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. எங்கள் மகள் புணேயில் பிறந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை இழந்துவிடுவாள். தாய் மொழிபெயர்த்த ஒரு பக்கத்தைக்கூட அவள் படித்ததில்லை. நானோ வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் கணிதம் சொல்லிக் கொடுத்தவன். பலர் முன்னிலையில் என் குரல் தடுமாறியதே இல்லை. எரிமேடையிலும் செய்யவேண்டியவற்றை வரிசை தவறாமல் செய்தேன் என்று உறவினர்கள் பின்னர் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பிரதியை அதுவரை நான் பிரிக்கவில்லை. அவளுடைய வாக்கியங்களை அந்நியர் வீட்டில் என் வாயால் சொல்லி முடிக்க என்னால் இயலுமா என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்தேன். வாடாவின் எண் என் மனைவியின் கைப்பேசியில் இருந்தது. மராத்தியர்களோடு எங்கள் குடும்பத்தின் தொடர்பு எல்லாமே அந்தக் கைப்பேசி வழியாகத்தான் நடந்துவந்தது. அதை நான் அணைக்கவில்லை. அதிலிருந்தே, ஞாயிறு காலை அத்தியாயத்தோடு வருவதாக எழுதினேன். கைகூப்பிய படம் ஒன்று பதிலாக வந்தது.

மகள் வண்டியோட்டினாள். அவள் புணேயை அடுத்த சாகணில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரச்சோதனைப் பிரிவில் பொறியாளர். எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பவள். அன்று வானவடியிலுள்ள எங்கள் வீட்டை விட்டுக் கட்ரஜ் சுரங்கம் கடக்கும்வரை பேசவில்லை. வெளிச்சத்துக்கு வந்ததும் கேட்டாள்:

"காலைல பாத்ரூம்ல யாருகிட்டப்பா பேசிட்டு இருந்தீங்க?"

"படிச்சுப் பாத்தேன்."

"எது வரைக்கும்?"

"முதல் பக்கம்."

"மொத்தம் எத்தன பக்கம்?"

சொன்னேன். சிறிது தூரம் ஓட்டிவிட்டு, "சலோ, ஒரு பக்கம் ஆச்சில்ல," என்றாள். அவள் தாயும் இப்படித்தான் என் பதற்றங்களைப் பெரிதுபடுத்தாமல் கடந்துபோவாள்.

கிராமத்தின் கடைசித் தெருவில் வாடா இருந்தது. கல்லால் எழுப்பிய உயரமான அடித்தளம். அதன்மேல் பழைய சிறு செங்கல் சுவர். யானை நுழையும் அளவு பெரிய கதவு மூடியிருந்தது. அதன் வயிற்றில் வெட்டிய சிறு கதவு திறந்திருந்தது. குனிந்து நுழைந்தேன். எதிரில், எண்பதை ஒட்டிய வயதுடைய ஓர் அம்மையார் கையில் தட்டோடு நின்றார். தட்டில் மஞ்சள், குங்குமம், தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி, கைப்பிடி அரிசி. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வருபவரை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் நாவலாசிரியையின் மருமகள். முதல்முறை வீட்டுக்கு வரும் பெண்ணின் மடியில் அரிசியும் தேங்காயும் இட்டு வரவேற்பது அந்தப் பக்கத்து வழக்கம். என் மனைவியின் கைப்பேசியிலிருந்து போன செய்தியை என் மனைவி எழுதியதாகவே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையெழுத்திட மறந்த கடிதம் போன்ற தவறு. அவர் பேசியதும் நான் பேசியதும் மராத்தி. இங்கே தமிழில் தருகிறேன்; தாயி என்றது, அக்கா என்னும் மரியாதையில், என் மனைவியை.

"தாயி எங்கே? வண்டியிலா?"

"அவர் இல்லை, அம்மா. சென்ற மார்கழிக்கு முந்திய மார்கழியில் காலமானார். செய்தி நான்தான் எழுதினேன். பெயர் போட்டிருக்க வேண்டும்."

அவர் கை தட்டோடு அப்படியே நின்றது. என்னைக் கடந்து, குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"இவள்?"

"எங்கள் பெண்."

"அப்படியானால் நம் வீட்டுக்குப் பெண் வந்திருக்கிறாள். அஹோ, நீங்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள், வழியை அடைக்கிறீர்கள்."

நான் விலகினேன். மகள் துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள். அரிசியும் தேங்காயும் துணியும் அதில் விழுந்தன. தவறைத் திருத்த எனக்கு வாய்ப்பே தராமல் அதை ஒரு வரவேற்பாக மாற்றிவிட்ட அந்த அம்மையாருக்கு, அங்கேயே என் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். பிறகு வெல்லக்கட்டியும் தண்ணீரும் வந்தன.

முன்கூடத்தில் ஒரு மேசையும் சாய்வு நாற்காலியும் மைக்கூடும் இருந்தன. மேசைமேல் நாவலாசிரியையின் புகைப்படம், மாலை புதிது. நான் கைகட்டி நின்று பார்த்தேன். எழுத்தாளர்களின் வீடுகளில் மேசைக்கு முன்னால் நிற்கும்போது வரும் மரியாதை எனக்கும் வந்தது.

"இங்கேதான் எழுதினாரா?"

"சீ, சீ. மாமியாருக்கு மேசையே கிடையாது. பார்க்க வருகிறவர்களெல்லாம் மேசை எங்கே, மேசை எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றதும் முகம் வாடிப் போயிற்று. பாவமாக இருந்தது. வாங்கிப் போட்டோம்."

மகள் சிரிப்பை அடக்கப் புகைப்படத்தின் பக்கம் திரும்பினாள்.

"மைக்கூடு?" என்றேன்.

"அதுவும் மேசையோடு வந்தது. வாருங்கள், அவர் எழுதிய இடம் பின்னால் இருக்கிறது."

நடு முற்றத்தைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, பின்முற்றத்துக்கு அழைத்துப்போனார். கிணறு, துளசி, ஒரு மாமரம். மரத்தடியில் பாயில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் புது அரிசியை முறத்தில் பரப்பிக் கல்லும் உமியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு வயலில் விளைந்தது. அறுவடைக்குப் பின் இந்த மாதத்தில் எல்லா வீடுகளிலும் இதே வேலைதான் என்றார்.

"மாமியார் அடுப்படியில் மடியில் வைத்து எழுதுவார். எழுதினதைக் கொண்டுவந்து இங்கே உட்கார்ந்து படிப்பார். நாங்கள் நாலைந்து பேர் அரிசி பொறுக்குவோம், இல்லாவிட்டால் கீரை ஆய்வோம். அவர் கண் எங்கள் கையில் இருக்கும். எங்கேயாவது எங்கள் கை நின்றுவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவார்."

நான் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்தேன். "கை நின்றால் வரி நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?"

"நானும் அதையே கேட்டேன். புது மருமகள், வாய் அதிகம். அவர் சொன்னார்: கதை, கேட்கிறவளுடைய வேலையோடு கூடவே ஓட வேண்டும், வேலையைப் பறிக்கக் கூடாது. கை நின்றால், அங்கே நான்தான் குறுக்கே வந்து நிற்கிறேன்."

பாயில் இருந்த பெண்களில் ஒருத்தி தலை நிமிராமல், "அந்தத் தூக்கக் கதையைச் சொல்லுங்கள் காக்கூ," என்றாள்.

"அது ஒன்று. கர்ப்பமாக இருந்தேன். மத்தியானம். கை நின்றது. அவர் ஒரு பக்கம் முழுவதையும் அடித்துவிட்டார். கதையினால் நிற்கவில்லை, நான் தூங்கிவிட்டேன். சொல்லப் பயம். புத்தகத்தில் அந்தப் பக்கம் இன்றுவரை இல்லை."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் என் மனம் அங்கே இல்லை. எங்கள் அடுக்ககத்தின் உணவு மேசைக்குப் போய்விட்டிருந்தது.

நான் ஓய்வுபெற்ற பிறகு, மாலைகளில் என் மனைவி என் முன்னால் ஒரு தட்டை வைப்பாள். குளிர்காலமானால் பட்டாணி, மற்ற நாட்களில் மேத்தி என்னும் வெந்தயக் கீரை. "ஏனுங்க, சும்மா உக்காந்திருக்கறதுக்கு இத உரிச்சுக் குடுங்க," என்பாள். எதிரில் அமர்ந்து, அன்று மொழிபெயர்த்த பக்கங்களைப் படிப்பாள். எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இலக்கியத்தில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லையாகையால், கேட்காததை ஒரு சலுகையாகவே எடுத்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற கணவனைக் காலில் இடறாமல் ஓரிடத்தில் உட்காரவைக்க அவள் கண்டுபிடித்த வழி என்றும் நினைத்திருந்தேன். படித்துக்கொண்டே இடையிடையே பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு இழுப்பாள். எழுத்துப்பிழை என்று நினைப்பேன். என் பார்வை பட்டாணியில் இருந்தது. அவள் பார்வை எங்கே இருந்தது என்பது, பல ஆண்டுகள் கழித்து, அந்த மாமரத்தடியில் எனக்குத் தெரியவந்தது.

ஒரு நாவல் முழுவதும் என் விரல்களின் வழியாகப் போயிருக்கிறது. நான் நின்ற இடங்களிலெல்லாம் அவளும் நின்று, வாக்கியத்தைத் திறந்து, வேறாக மூடியிருக்கிறாள். என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் நான் ஏதாவது அறிவாகச் சொல்ல முயன்று அதைக் கெடுத்திருப்பேன். கேட்காமலே என்னை அவளுடைய வேலைக்குள் வைத்துக்கொண்டாள். எங்கள் இல்லறத்தில் அவள் எனக்குச் செய்த நன்மைகள் பல எனக்குத் தெரியும். இது தெரியாமலே இருந்திருக்கக்கூடும்.

"என் மனைவியும் வீட்டில் இப்படித்தான் படித்தார்," என்று மட்டும் சொன்னேன்.

"தாயியிடம் தொலைபேசியில் இதைச் சொன்னது நான்தான். யார் கை?" என்றார் அம்மையார்.

"என்னுடையது."

அவர் என் கைகளைப் பார்த்தார். "பரவாயில்லை, சுத்தமாக இருக்கிறது," என்றார்.

அப்போது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. தமிழ் அத்தியாயத்தை இங்கே படித்தால் இந்தப் பெண்களுக்கு என்ன புரியும்? புரியாத மொழிக்குக் கை நிற்கவும் காரணமில்லை, ஓடவும் காரணமில்லை. என் மனைவி அதை யோசிக்காமலா இருந்திருப்பாள்? இதை மகளிடம் தமிழில் சொன்னேன்.

அவள் பாயில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா என்னையத்தான்ப்பா கூட்டிட்டு வர்றதா இருந்தாங்க. 'நீதான் வண்டி ஓட்டோணும், அங்க வந்து உக்காந்து அரிசி பொறுக்கோணும்'னாங்க. நான் சும்மா மஜாக் பண்றாங்கன்னு நெனச்சேன். எனக்கு அரிசியெல்லாம் பொறுக்கத் தெரியாதுன்னேன். 'உன்ற வேலையே குத்தம் கண்டுபிடிச்சு எடுத்து வீசறதுதானே, அது போதும்'னாங்க."

அவள் அதைச் சாதாரணமாகவே சொன்னாள். நான் மராத்தியில் அம்மையாருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் இதற்காகவே காத்திருந்தவர்போல், ஒரு முறத்தில் அரிசி அள்ளிப் போட்டு மகளிடம் நீட்டினார்.

"உட்கார், குழந்தாய். இங்கே உனக்கு மட்டும்தான் புரியும். நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம்."

எனக்கு ஒரு மணையைப் போட்டார்கள். காலையில் ஒரு பக்கத்தோடு மூடிக் கட்டிய பிரதியை மறுபடி அவிழ்த்தேன். மூன்றாம் அத்தியாயம் என்று அவளே அடையாளம் வைத்திருந்தாள். அயலூரிலிருந்து கலியாணமாகி வந்த பெண் ஒருத்தி, முதல்நாள் விடியலில் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்து, புது வீட்டின் ஓசைகளைக் கேட்டுக்கொண்டிருப்பதாக அந்த அத்தியாயம் தொடங்குகிறது. எந்தப் பாத்திரம், யாருடைய காலடி, எந்தக் கதவு என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து புணேக்கு வந்து, மொழி தெரியாமல் காய்கறிக்காரரிடம் விரல் நீட்டிப் பொருள் வாங்கிய ஒருத்தி அதை மொழிபெயர்த்திருக்கிறாள் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

முதல் பக்கம் வகுப்பறைக் குரலில் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் குரல் தானாகத் தாழ்ந்தது. மகளின் கை ஓடிக்கொண்டிருந்தது. தேர்ந்த கை இல்லை, விட்டுவிட்டு ஓடியது. பக்கத்துப் பெண் ஒருமுறை எட்டி, முறத்தை எப்படிச் சாய்ப்பது என்று காட்டினாள்.

நான்காம் பக்கத்தில் அந்தப் பெண் கண்ணைத் திறக்கிறாள். அந்த இடத்தில் நான் நின்றேன். அடுத்த வரி கண்முன்னே தெளிவாக இருந்தது. அதன் முதற்சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் கொண்டுவர அம்மையார் எழப்போனார். பிறகு எழாமல் இருந்துவிட்டார். கிணற்றுக் கயிற்றில் ஒரு காகம் வந்து அமர்ந்து போயிற்று.

மகள் தலையை நிமிர்த்தவில்லை.

"மேல படிங்கப்பா. என்ற கை ஓடிட்டுத்தான் இருக்குது."

பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. முகம் நனைந்திருந்தது, ஒரு கையால் கூட அதைத் துடைக்காமல், இரண்டு கைகளாலும் அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அதற்கடுத்ததைச் சொன்னேன். அதன் பிறகு எங்கும் நிற்கவில்லை. அவளுடைய வாக்கியங்களில் மூச்சுக்கு வேண்டிய இடம் அவளே விட்டுவைத்திருந்தாள். ஏறவேண்டிய இடத்தில் ஏறவும் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவும் செய்தால் போதுமாக இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, துக்கத்தோடு படிக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. முன்பே கேட்ட கதையில் அடுத்து என்ன என்று அறியும் விருப்பத்தோடு படித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அம்மையார் முறத்தை வாங்கி அரிசியைக் கோதிப் பார்த்தார்.

"மொழி தெரியாவிட்டாலும் கண் தெரியும். அப்பா திரும்பத் தொடங்கின பிறகு, முடிகிற சமயத்தில் ஓரிடத்தில் உன் கை நின்றது. என் மாமியாராக இருந்தால் அந்த வரி இருக்காது."

மகள் இப்போதுதான் முகத்தைத் துடைத்தாள். இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அரிசியளவே இருந்த கறுத்த கல்.

"தகட் ஹோதா, ஆஜி," என்றாள். கல் இருந்தது, பாட்டி.

அம்மையார் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, சுவருக்கு அப்பால் வீசினார். "அப்படியென்றால் சரி," என்றார். பொறுக்கிய அரிசியை அடுக்களைக்கு எடுத்துப்போனார். எங்களுக்கு அதிலேயே உலை வைப்பதாகவும், சாப்பிடாமல் போனால் மாமியார் சும்மா விடமாட்டார் என்றும் போகிற போக்கில் சொன்னார். மகளும் மற்ற இருவரும் அடுத்த முறத்தை நடுவில் இழுத்துக்கொண்டார்கள். மீதி அத்தியாயங்களை எப்போது படிப்பீர்கள் என்று மகள் என்னைக் கேட்டாள். வீட்டில், மாலைகளில் என்றேன். பட்டாணி வாங்கி வைக்கிறேன் என்றாள்.

நான் முன்கூடத்துக்கு வந்து சென்னைக்குப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமையில் தொந்தரவு தருவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிரதியை நகலெடுத்துக்கொண்டு மறுநாளே அனுப்புவதாகச் சொன்னேன். பதிப்பாளர் மகிழ்ச்சி தெரிவித்துவிட்டு, புதிதாகத் திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன்.